தோம்னினாவுக்கு வாய்த்த சக்களத்தி

தோம்னினா யோப்பாவில் பிறந்தவள். அப்பா கருவாட்டு வியாபாரி. வீடு நிறையப் பெண்கள், அவர்களில் இவள் நடுவில் பிறந்தவள். மூத்தவள் போட்டுத் தேய்த்த செருப்புதான் இவளுக்கு வரும், இவள் படுக்கும் பாயில் பாதி இளையவளுக்குப் போகும். "ஒரு மாதுளம்பழம் முழுசா என் கைக்கு வந்ததில்லக்கா. யாராவது பாதி பிச்சுக்கிட்டுத்தான் குடுப்பாங்க," என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகி அவள் வந்த செசரியாவில் நாங்கள் இருவரும் ஒரே முற்றத்தைப் பார்த்த எதிரெதிர் வீடுகளில் இருந்தோம். அவள் சமைத்தால் எனக்கு வாசனை வரும், நான் இருமினால் அவளுக்குக் கேட்கும்.

அவளை நிக்கானோருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒல்லியான ஆள். துறைமுகத்தில் உட்கார்ந்து, எழுதத் தெரியாத வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பது அவன் பிழைப்பு. எங்கள் கிறிஸ்தவச் சபையில் அவன் வாசகன். ஞாயிறுதோறும் எழுந்து நின்று மோசேயையும் தீர்க்கதரிசிகளையும் கிரேக்கத்தில் வாசிப்பான். அவன் வாசித்தால் அழுகிற குழந்தையும் நிறுத்திவிட்டுக் கேட்கும், அப்படி ஒரு குரல். கல்யாணத்துக்கு முன்பு தோம்னினாவும் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள். எதற்காக என்று கேட்டால், "அந்தக் குரலுக்குத்தான்," என்பாள்.

முதல் சில வருஷங்கள் அவள் ராணிபோல இருந்தாள். நிக்கானோர் பொழுது சாயும் முன்பே வீடு திரும்புவான். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று யார் யாருக்கு என்ன பொய் எழுதச் சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவான். அவள் சிரிக்கிற சத்தம் என் வீடுவரை வரும். குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி ஊரார் பேசினார்களே தவிர அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. பங்கு போட ஆள் இல்லை என்று உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கலாம்.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டியில் வாளி விடுகிற கயிறு இற்றுப்போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கி வரச் சொல்லி நிக்கானோரை அனுப்பினாள். காலையில் போனவன் பொழுது சாய வந்தான். கயிறு வாங்கி வரவில்லை. முகம் மட்டும் காய்ச்சல்காரன் முகம்போலச் சிவந்து கிடந்தது.

"கயிறு எங்க?"

"கயிறா? அடடா. தோம்னினா, அந்தக் கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? அமலேக்கியரோட சண்டை நடக்கும்போது மோசே மலைமேல நின்னு கைய விரிச்சாரே, அது நம்ம ஆண்டவர் சிலுவையில கைய விரிச்சதுக்கு முன்னடையாளம்னு சொன்னேன். அதுக்கு அவன், 'கைய விரிச்சதெல்லாம் சிலுவைன்னா, உங்க ஆளுங்க பாதிப் பேரு எங்க துறைமுகத்துல கைய விரிச்சு மூட்டை தூக்குறாங்களே, அவங்கள எப்ப கும்பிடப் போறீங்க'ன்னு கேக்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிப்பு வந்துடுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணு தோணுச்சு. நாளைக்குப் போய்ச் சொல்லணும்."

அந்தக் கடைக்காரன் பெயர் தன்ஹும். கப்பல்களுக்குக் கயிறு திரித்து விற்கிற யூதன். தோள் அகலம், குரலும் அகலம். ஓய்வுநாளான சனிக்கிழமையில் அவர்களுடைய ஜெப ஆலயத்தில் வேதம் வாசித்ததும் எழுந்து விளக்கம் சொல்பவன் அவன்தான். எபிரெயம் அவனுக்கு விரல் நுனியில். நிக்கானோருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

அன்றுமுதல் நிக்கானோர் தினமும் அங்கே போனான். கடிதம் எழுதுகிற வேலை முடிந்ததும் கயிற்றுக்கடைக்குத்தான் முதலில் போவான். கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் கத்துவார்கள். 'அந்தச் சொல்லுக்கு எபிரெயத்தில் அந்த அர்த்தமே இல்லை' என்பான் தன்ஹும். 'உங்கள் பெரியவர்கள்தானே அதைக் கிரேக்கத்தில் மாற்றினார்கள்' என்பான் நிக்கானோர். இன்றைக்குக் கொலை விழுந்துவிடும் என்று வழியில் போகிறவர்கள் நினைப்பார்கள். ஆனால் வீட்டுக்கு வரும்போது நிக்கானோர் புதுமாப்பிள்ளைபோல வருவான். சோற்றுத்தட்டைப் பார்த்துக்கொண்டே தனக்குள் சிரிப்பான். தோம்னினா ஏதாவது சொன்னால், "ம்," என்பான்.

"வேற பொம்பள வீட்டுக்குப் போறாருன்னா போய் மயிரப் புடிச்சு இழுத்துட்டு வரலாம்," என்று என்னிடம் சொன்னாள். பயற்றைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "இந்தத் தாடிக்காரனை நான் எதப் புடிச்சு இழுக்கறது?"

நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. "சக்களத்தின்னா இப்படித்தான் இருப்பாளாக்கா? எங்கிட்ட அவரு ஒரு நாளாவது சண்டை போட்டிருக்காரா? நான் என்ன சொன்னாலும் சரிங்கறாரு. அவன்கிட்ட எதுக்கும் சரிங்கறதில்ல. எனக்கு அந்தச் சண்டைதான் வேணும்."

ஒருநாள் மாலை அவனை அழைத்துவரத் தானே கடைக்குப் போனாள். வாசலில் தொங்கிய கயிற்றுக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றாள். உள்ளே மோசேயின் கடைசிப் பாட்டைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கடவுள் அல்லாததைக் கும்பிட்டு என்னைப் பொறாமைப்பட வைத்தீர்களே, நானும் ஜனமே அல்லாத ஒரு ஜனத்தைக் கொண்டு உங்களைப் பொறாமைப்பட வைப்பேன் என்று கடவுள் இஸ்ரவேலிடம் சொல்கிற இடம்.

"அந்த ஜனமல்லாத ஜனம் நாங்கதான்," என்றான் நிக்கானோர். "நேத்துவரைக்கும் கல்லக் கும்பிட்டவங்க. எங்களச் சேத்துக்கிட்டு உங்களத் தள்ளிட்டாரு. எழுதியிருக்கு."

தன்ஹும் கயிறு திரிப்பதை நிறுத்தவில்லை. "நீ கல்யாணம் ஆனவன்தானே? தள்ளி வச்ச பொண்டாட்டியப் பாத்து எவனாவது பொறாமப்படுவானா? இல்ல, அவ பொறாமப்படட்டும்னு இன்னொருத்திகூட அவ தெருவுல நடப்பானா? அப்படி நடந்தான்னா என்ன அர்த்தம்? இன்னும் அவளத்தான் நெனச்சுக்கிட்டிருக்கான்னு அர்த்தம். நீ யாருப்பா இதுல? அவன் கையப் புடிச்சுக்கிட்டு எங்க தெருவுல நடக்கறவ. அவன் கண்ணு எங்க வாசல்லயேதான் இருக்கு."

 நிக்கானோர் வாய்விட்டுச் சிரித்து, எட்டி அவன் முதுகில் ஓர் அடி வைத்தான். தோம்னினா அந்தச் சிரிப்பை அதற்குமுன் கேட்டதில்லை. உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டாள்.

ஆனால் தன்ஹும் சொன்னதை வீடுவரை கொண்டுவந்தாள். பொறாமைப்படுகிறவன்தான் இன்னும் விடாதவன். அப்படியானால் நிக்கானோர் தன்னைக் குறித்துப் பொறாமைப்படுகிறானா என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அடுத்த ஓய்வுநாளில் கல்யாணத்துக்கு வாங்கிய மஞ்சள் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, முற்றத்தில் எல்லோரும் பார்க்க யூதர்களின் ஜெப ஆலயத்துக்குக் கிளம்பினாள். சபைப் பெண்கள் சிலர் திருநாள்களில் ஒளிந்து ஒளிந்து அங்கே போவது உண்டு. வாசகனின் மனைவி பகிரங்கமாகப் போனது இதுதான் முதல் தடவை. புருஷன் வாசலில் நின்று கத்துவான், கையைப் பிடித்து உள்ளே இழுப்பான் என்று மனசுக்குள் ஒரு நாடகமே நடத்திவிட்டாள்.

திரும்பி வந்தபோது நிக்கானோர் வாசலில்தான் நின்றிருந்தான்.

"ஜெப ஆலயத்துக்கா போன?"

"ஆமா. போனேன். என்ன இப்போ?"

"எந்தப் பகுதி வாசிச்சாங்க? தன்ஹும் பேசினானா? வாசிக்கறப்ப எந்த எடத்துல நிறுத்தினான்னு ஞாபகம் இருக்கா? வந்து உக்காரு, மொதல்லேருந்து சொல்லு."

சால்வையை மடித்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனவள், அன்று முழுக்க வெளியே வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் சபை கலைந்ததும் மூப்பர் குவர்த்துவிடம் போனாள். குவர்த்து நல்ல மனிதர், ஆனால் சபைக்கு ஓர் அவமானம் வந்தால் தன் வீட்டுக் கூரை எரிகிறமாதிரித் துடிப்பவர்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு தெனமும் கயிற்றுக்கடைத் தன்ஹும்கிட்டதான் இருக்காரு."

"எதுக்கும்மா? நம்ம வாசகரு யூதன்கிட்டப் பாடம் கேக்கிறாரா?"

"பாடம் கேக்கிறாரோ என்னவோ, சாப்பாட்டுக்கு வர்றதில்ல."

இவ்வளவுதான் சொன்னாள். கொஞ்சம் கண்டித்து அனுப்புவார், புருஷன் பொழுதோடு வீடு வந்து சேருவான் என்றுதான் நினைத்தாள். குவர்த்து வேறு கணக்குப் போட்டார். போகாதே என்று தடுத்தால் வாசகன் யூதனிடம் தோற்று ஒதுங்கிவிட்டான் என்று ஊர் பேசும். போகவிட்டாலும் ஊர் வாயை அடைக்க முடியாது. ஆகையால் சந்தைக்குப் பக்கத்துத் தூண் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் தன்ஹுமோடு வாதாடி அவனை ஜெயிக்க வேண்டும் என்று நிக்கானோருக்குக் கட்டளை போட்டார்.

நிக்கானோர் துள்ளிக்கொண்டு கடைக்கு ஓடினான். தன்ஹும் மறுப்பாகத் தலையசைத்தான். "வேணாம் நிக்கானோரே. நாம ரெண்டு பேரா இருக்கறப்ப வசனத்தத் தேடறோம். கூட்டம் சுத்தி நின்னா ஜெயத்தத் தேடுவோம்."

"நமக்குள்ள அதெல்லாம் வருமா?"

"எனக்கு வரும்," என்றான் தன்ஹும்.

ஆனால் பேச்சு ஊருக்குள் பரவிவிட்டது. வராமல் இருந்தால் ஜெப ஆலயத்துக்கே தலைக்குனிவு என்று அவனுடைய ஆட்களும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று மண்டபத்தில் எள் போட இடமில்லை. ஒரு பக்கம் எங்கள் சபை, மறுபக்கம் யூதர்கள். நடுவில், இருவரும் அடித்துக்கொள்வதை வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள், அவித்த பயற்றைக் கொறித்துக்கொண்டு நின்றார்கள். நானும் தோம்னினாவும் முன்னாலேயே ஒரு தூணை ஒட்டி நின்றோம். அவளுக்கு அன்று சந்தோஷம். எப்படியும் இருவரில் ஒருவர் தோற்பார். யார் தோற்றாலும் இந்தக் கூத்து முடியும்.

தன்ஹும் தூள் கிளப்பினான். நிக்கானோர் எந்த வசனத்தை எடுத்தாலும் அதற்கு முன்னால் இருக்கிற வசனத்தைச் சொல்லி அவன் கையிலிருந்து பிடுங்கினான். மோசேயின் கையைப் பற்றிய அந்த மூட்டைக்காரர் கிண்டலை மறுபடியும் விட்டான், கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. கடையில் அதே கிண்டலுக்கு நிக்கானோரும் சிரித்திருக்கிறான். இங்கே அவன் காது சிவந்தது. குவர்த்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நிக்கானோர் பாடுபடும் ஊழியக்காரனைப் பற்றிய பகுதிக்கு வந்தான். அடிக்கப்பட்டு, ஒடுக்கப்பட்டு, ஆட்டைப்போல வாய் திறக்காமல் போனவனைப் பற்றித் தீர்க்கதரிசி பாடுகிற இடம். அது நம் ஆண்டவர்தான் என்றான்.

"அது ஒரு மனுஷன் இல்ல, ஒரு ஜனம்," என்றான் தன்ஹும். "இஸ்ரவேல். நாடு நாடா அடி வாங்கினது யாரு, நீங்களா நாங்களா? தீர்க்கதரிசியே வேற எடத்துல ஊழியக்காரன்னு எங்களப் பேரு சொல்லிக் கூப்பிடறாரு. ஒரு ஜனம் முழுக்கப் பட்டதப் புடுங்கி ஒரே ஆளு தலையில ஏத்த உனக்கு யாரு உரிமை குடுத்தது?"

யூதர்கள் பக்கம் தரையில் கால்களைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.  நிக்கானோரின் நெற்றியிலிருந்து வேர்வை தாடியில் இறங்கியது. பிறகு, வாசகனின் குரலில், கடைசி வரிசைவரைக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னான்.

"ஜனம்னு இங்க சொல்ற. உன் மகன் துறைமுகத்துல முழுகிச் செத்தானே, அந்தத் துக்கத்துல உக்காந்து இதே பகுதிய வாசிச்சப்ப, 'இது ஜனமில்ல, ஒருத்தன்தான், ஒரே ஒருத்தன்தான்'னு உனக்குத் தோணுச்சுன்னு உன் வாயாலயே எங்கிட்ட சொன்னியே. சொன்னியா இல்லையா?"

 தன்ஹும் அவனையே பார்த்தான். அவனுடைய ஆட்கள் தன்ஹுமைப் பார்த்தார்கள்.

"சொன்னேன்," என்றான் தன்ஹும். அந்த அகலமான குரல் எங்கே போயிற்றோ, முன்னால் நின்ற எங்களுக்கே கஷ்டப்பட்டுத்தான் கேட்டது. "என் மகனப் பத்திச் சொன்னேன்."

அதற்குள் எங்கள் பக்கம் கூச்சல் எழுந்துவிட்டது. ஒப்புக்கொண்டான், ஒப்புக்கொண்டான் என்று நிக்கானோரைத் தூக்காத குறை. தன்ஹும் கூட்டத்துக்கு நடுவில் வழி கேட்டுக் கேட்டு வெளியே போனான்.

நான் தோம்னினாவைத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. அந்த மனுஷனுக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது வேறு. "அவன் பிள்ளை செத்த கதையெல்லாம் இவருக்குச் சொல்லியிருக்கான். இவரு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேக்கா." அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் சுட்டது. இதை மறைத்தால் அவளைப் பற்றி நான் சொல்வதில் பாதி பொய்யாகிவிடும்.

ஜெயித்தவனுக்கு மரியாதை கூடியது. ஞானஸ்நானத்துக்குக் காத்திருப்பவர்களுக்குப் பாடம் சொல்கிற பொறுப்பை நிக்கானோருக்குக் கொடுத்தார்கள். தெருவில் நடந்தால் விலகி வழிவிட்டார்கள். பொழுது சாயும் முன்பே வீட்டுக்கு வந்துவிடுவான். தோம்னினா கேட்ட மாலைகள் எல்லாம் முழு மாதுளம்பழமாக அவள் மடியில் விழுந்தன. உரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. அடுப்புப் பக்கத்தில் உட்காருவான், சாப்பிடுவான், சாம்பலைக் குச்சியால் கிளறுவான். ஞாயிறுகளில் வாசித்த குரல் அதே குரல்தான். ஆனால் குழந்தைகள் அழுவதை நிறுத்தவில்லை.

தன்ஹுமை அவனுடைய ஆட்கள் ஜெப ஆலயத்தில் பேச எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மனசு ஒரு தடவை சாய்ந்தவன் மறுபடியும் சாயமாட்டான் என்று என்ன நிச்சயம் என்றார்களாம். அவன் கடையைக் காலி செய்துகொண்டு உள்நாட்டு ஊரான லித்தாவுக்குப் போக ஏற்பாடு செய்தான்.

அவர்கள் போவதற்கு முன்பு ஒருநாள், ஊர்ப் பொதுத் தண்ணீர்த் துறையில் தன்ஹுமின் மனைவி யூஸ்தா ஜாடி பிடித்துக்கொண்டு நின்றாள். தோம்னினா அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவளோடு அதுவரை பேசியதில்லை.

"மூப்பர்கிட்டப் போய்ச் சொன்னது நான்தான்," என்றாள் தோம்னினா.

யூஸ்தா ஜாடியை நிமிர்த்தி வைத்தாள். "எதுக்கு சொன்ன?"

"வயித்தெரிச்சல்."

"அதுவா." யூஸ்தா ஜாடியில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். "உன் புருஷன் வந்துட்டுப் போனா எங்க ஆளுக்குச் சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னு தெரியாது. எங்க பையன் போனதுக்கப்புறம் எங்கிட்ட அவனப் பத்தி ஒரு தடவ பேசல. உன் புருஷன்கிட்டப் பேசியிருக்காரு. அந்த மண்டபத்துலதான் எனக்கே தெரிஞ்சுது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நானும் அதுக்கு முன்னாடியே எங்க பெரியவங்ககிட்டச் சொல்லி நிறுத்திடலாம்னு ஒரு நாள் கெளம்பினேன். அவங்க வாசல் வரைக்கும் போயிட்டேன்."

"அப்புறம்?"

"திரும்பிட்டேன். நீ உள்ள போயிட்ட. அதான் வித்தியாசம்." ஜாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

திட்டியிருந்தால் தோம்னினா தாங்கியிருப்பாள். இது உள்ளே போய்த் தங்கிவிட்டது.

மழைக்காலம் முழுக்க நிக்கானோர் சாம்பலைக் கிளறினான். ஒரு மாலை தோம்னினா தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு நின்றபடியே கேட்டாள்.

"தள்ளி வச்ச பொண்டாட்டியப் பாத்து எவனாவது பொறாமப்படுவானா?"

குச்சி நின்றது. "இது தன்ஹும் கேட்டது."

"ஆமா. நான் கயித்துக்குப் பின்னால நின்னு கேட்டேன்."

"அதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சீங்க."

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குவர்த்துவிடம் போனதிலிருந்து யூஸ்தா சொன்னதுவரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும், அவள் ஆசைப்பட்ட சண்டை அதுதானே. "நீ சொன்னது சாப்பாட்டுக்கு வரலேன்னு. நான் சொன்னது அவன் பிள்ளைய," என்றான்.

"லித்தாவுக்குப் போவோம்," என்றாள்.

"எந்த மொகத்தோட போறது?"

"இருக்கற மொகத்தோடதான். எனக்கு அந்தாளப் புடிக்காது. இப்பவும் புடிக்காது. ஆனா நீங்க இப்படி உக்காந்திருந்தா எனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல."

கழுதைக்காரன் ஒருவனைப் பிடித்து இரண்டு பேரும் போனார்கள். லித்தாவில் தன்ஹும் வீட்டுக்கு வெளியே நீளமாகக் கயிறு திரித்துப் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தான். இவர்களைப் பார்த்தும் நிற்கவில்லை, திரித்து முடித்து முடிச்சுப் போட்ட பிறகுதான் வந்தான்.

"என்னை மன்னிக்கணும்," என்றான் நிக்கானோர்.

"எங்க சொல்ற இத?" என்றான் தன்ஹும். "இங்க என் கழுத மட்டுந்தான் கேக்குது. அன்னைக்கு ஊரே கேட்டுச்சு. ஊர் முன்னால எடுத்தத ஊர் முன்னால திருப்பிக் குடுத்துட்டு வா. அப்புறம் பாக்கலாம்."

"குடுத்தா சபையில எனக்கு எடம் இருக்காது."

"எனக்கு இருக்குதா?"

 அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் நிக்கானோர் வாசித்து முடித்ததும் உட்காராமல் நின்றான். நான் அங்கேதான் இருந்தேன். "அந்தப் பகுதி நம்ம ஆண்டவரைப் பத்தினதுதான். நான் அப்படித்தான் நம்பறேன், சாகுற வரைக்கும் நம்புவேன். ஆனா அன்னைக்கு நான் ஜெயிச்சது வசனத்தால இல்ல. ஒரு அப்பன் அழுததத் திருடி அவனையே அடிச்சேன். தன்ஹும் எந்த எடத்துலயும் தன் வேதத்த விட்டுக்குடுக்கல. இத அவன் ஆளுங்களுக்கும் யாராவது போய்ச் சொல்லணும்," என்றான்.

குவர்த்து எழுந்து வெளியே போய்விட்டார். அந்த வாரமே வாசிப்பை வேறொருவனிடம் கொடுத்தார்கள், பாடம் சொல்வதையும் எடுத்துவிட்டார்கள். வாசகன் மனைவி என்று முன்வரிசையில் உட்கார்ந்த தோம்னினா பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுவும் அவளுக்கு வலித்தது, வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

சேதி லித்தாவுக்கும் போயிற்று. கோடை பிறந்ததும் கயிறு விற்கச் செசரியாவுக்கு வந்த தன்ஹும் எங்கள் முற்றத்துக்கு வந்தான். தோம்னினா அவித்து வைத்ததை அவன் தொடவில்லை, வேறு ஜனத்தார் சமைத்ததைச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம் இல்லை. முழு அத்திப்பழம் ஒன்றை எடுத்துக்கொண்டு, முன்னாள் வாசகனுக்கு எதிரில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு நிக்கானோர், "அந்தப் பொறாம வசனத்துக்கு எனக்கு ஒரு பதில் கெடைச்சிருக்கு," என்றான். "கெடைச்சிருக்காது," என்றான் தன்ஹும். என் கோழிகள் பயந்து ஓடுகிற அளவுக்கு இரண்டு பேரும் கத்த ஆரம்பித்தார்கள்.

தோம்னினா என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"நிம்மதியா?" என்று கேட்டேன்.

"எரியுது," என்றாள். "போய் நடுவுல உக்காரட்டுமா?"

"போயேன்."

போனாள். அன்று அவள் என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை, தன்ஹும் அவள் பக்கம் திரும்பிப் பதில் சொன்னதை மட்டும் பார்த்தேன். அதன்பிறகு அவன் வரும்போதெல்லாம் அவளும் அவர்களோடு உட்காருவாள். நல்ல கேள்விகள் கேட்டாள் என்று நிக்கானோரே சொன்னான். உடனே, "தன்ஹும் அளவுக்கு இல்லேன்னாலும்," என்று சேர்த்துக்கொண்டான். அவனுக்கு அந்த அளவுக்குத்தான் புத்தி.

சில வருஷம் கழித்து நெஞ்சில் சளி கட்டி நிக்கானோர் இறந்தான். சேதி கேட்டுத் தன்ஹும் லித்தாவிலிருந்து ஓடி வந்தான். உள்ளே வராமல் முற்றத்து மண்ணில் உட்கார்ந்து, துக்கத்தில் அவர்கள் செய்கிறபடி தன் சட்டையின் கழுத்தைக் கிழித்துக்கொண்டு, அந்த அகலமான குரலில் அழுதான். தெருவே வந்து பார்த்தது. உள்ளே உடம்புக்குப் பக்கத்தில் இருந்த தோம்னினாவை யாரும் கவனிக்கவில்லை.

"அழறதுலயும் அவன் என்னை முந்திட்டான்," என்றாள் என்னிடம். கண் நிறைந்திருந்தது. பிறகு எழுந்து ஒரு குவளையில் தண்ணீர் மொண்டுகொண்டு வெளியே போனாள். தண்ணீருக்கு அவர்கள் வழக்கம் என்ன என்று அவளுக்குத் தெரியாது. அவன் கை நீட்டி வாங்கிக் குடித்தான். அவள் அவனிடமிருந்து சற்றுத் தள்ளி, அதே மண்ணில் உட்கார்ந்தாள்.